எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி அல்லது சி-யும் இருந்தால்: எதை முதலில், எதை அடுத்து செய்வது

எச்.ஐ.வி.க்கு மாத்திரை தருவது ஏ.ஆர்.டி. மையம். (ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து.) ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்கள். கல்லீரலைப் பார்ப்பது இரைப்பை குடல் பிரிவோ பொது மருத்துவப் பிரிவோ. ஒரே ஆஸ்பத்திரி வளாகமாக இருந்தாலும் இரண்டுக்கும் வேறு வரிசை, வேறு சீட்டு, வேறு டாக்டர். ஒரு கதவுக்குப் பின்னால் நடப்பது மற்றதற்குத் தெரியாது. பல வருடங்களாக, புதிதாகச் சிகிச்சைக்கு வருபவர்களோடு இந்த இரண்டு வரிசையிலும் நின்றிருக்கிறேன். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி மருந்தால் வந்தவை அல்ல. ஒரு தகவல் ஒரு கதவிலிருந்து மற்றக் கதவுக்குப் போய்ச் சேராததால் வந்தவை. எது முதலில், எது அடுத்து, ஏன் என்பதைத்தான், சிகிச்சை எடுப்பவருக்கும் அவரை அழைத்துப் போகிறவருக்குமாகக் கீழே எழுதியிருக்கிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். அவரிடம் என்ன கேட்பது, என்ன காட்டுவது என்பதற்கு இது உதவும்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். அதில் ஏ.ஆர்.டி. புத்தகம், கடைசி சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை) மற்றும் எச்.ஐ.வி. வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) முடிவு, இதுவரை எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஆதார் நகல் ஆகியவற்றை வையுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டையையும் சேர்த்து வையுங்கள். பெயர் எழுதிக்கொண்டு போனால் எழுத்துப்பிழை வரும், மில்லிகிராம் அளவு விட்டுப்போகும். காலி அட்டை பொய் சொல்லாது.

"எல்லா மருந்தும்" என்றால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, காசநோய் மருந்து, வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கிப் போடுவது, சத்து மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம்தான். இவற்றில் சில பின்னால் சி வைரஸ் மருந்தோடு மோதும்.

முன்பு சாப்பிட்ட ஏ.ஆர்.டி. மருந்துகளின் வரலாற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வருடம் எந்த மாத்திரை, எப்போது மாறியது, நடுவில் எப்போது விட்டது என்று. பத்துப் பதினைந்து வருடமாக மருந்து எடுப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். காரணம் 4-ம் படியில் வரும்.

2. பரிசோதனை: ஏ.ஆர்.டி. மாறும் முன், தடுப்பூசி போடும் முன்

இரண்டு பரிசோதனை கட்டாயம் வேண்டும். பி-க்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி., சி-க்கு ஆன்டி-எச்.சி.வி. முடிந்தால் பி-யின் 'கோர்' ஆன்டிபாடியும் (ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள்) பாருங்கள். எச்.ஐ.வி. உறுதியான உடனேயே, ஏ.ஆர்.டி. தொடங்கும் சமயத்திலேயே ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. இதற்காக ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையை மாற்றுவதாக இருந்தால், பி முடிவு தெரியாமல் மாற்றக் கூடாது.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு இது. "தடுப்பூசி போட்டால் நல்லது" என்று யாரோ சொல்ல, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு மறுவாரம் பரிசோதனைக்கு வருவார்கள். ஊசியில் இருப்பதே பி வைரஸின் அந்த எச்.பி.எஸ்.ஏ.ஜி. புரதம்தான். ஊசி போட்ட சில நாட்களுக்கு, சிலருக்கு இரண்டு மூன்று வாரம் வரைகூட, பரிசோதனையில் அது தெரிந்து 'பாசிட்டிவ்' என்று வரலாம். இல்லாத நோய்க்கு ஒரு குடும்பமே அழுததை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் கொடுத்த பிறகுதான் ஊசி.

சி ஆன்டிபாடியில் வேறு சிக்கல். கிருமி நுழைந்த பிறகு ஆன்டிபாடி உருவாக 8 முதல் 11 வாரம் ஆகும். சி.டி.4 மிகவும் குறைந்திருப்பவர்களுக்கு அது உருவாகாமலே போகலாம். ஊசி வழி போதைப் பழக்கம் இருந்தவர், பல முறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர், டயாலிசிஸ் செய்பவர், காரணம் தெரியாமல் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) உயர்ந்திருப்பவர் போன்றவர்களுக்கு 'நெகட்டிவ்' வந்தாலும், சி-யின் ஆர்.என்.ஏ. பரிசோதனை (வைரஸையே நேராகத் தேடுவது) வேண்டுமா என்று கேளுங்கள்.

3. முடிவைப் படிப்பது

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது. 6 மாதம் தாண்டியும் பாசிட்டிவாகவே இருந்தால் நாள்பட்டது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்த 6 மாதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பி-க்கான மருந்து ஏ.ஆர்.டி.யிலேயே இருப்பதால் உடனே தொடங்கலாம்.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், கோர் ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால், எப்போதோ பி வந்து போயிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். கல்லீரல் செல்களில் அதன் சுவடு தூங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, புற்றுநோய் மருந்து போன்றவை கொடுத்தால் எழுந்துகொள்ளலாம். இதையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஆன்டி-எச்.சி.வி. பாசிட்டிவ் என்றால் சி வைரஸை உடம்பு ஒரு காலத்தில் சந்தித்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இப்போதும் இருக்கிறதா என்று அது சொல்லாது. சிலருக்கு உடம்பே சி-யை விரட்டிவிடும், எச்.ஐ.வி. இருந்தால் அது நடப்பது குறைவு. அதனால் அடுத்த படி ஆர்.என்.ஏ. பரிசோதனை. அதில் வைரஸ் தெரிந்தால் மட்டுமே மருந்து. இந்த இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். முதல் தாளைப் பார்த்துப் பயந்து, ஆர்.என்.ஏ.வுக்கு ரத்தம் கொடுக்கவே வருவதில்லை. உங்களோடு வந்தவர் அப்படித் தயங்கினால் அன்றே கையைப் பிடித்து அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வையுங்கள். அடுத்த வாரம் என்று விட்டால் ஒரு வருடம் ஓடிவிடும்.

பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மையங்களில் இலவசம். ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரிடம் உங்கள் மாவட்டத்தில் அந்தத் திட்டத்தின் சிகிச்சை மையம் எங்கே என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போங்கள். சீட்டில்லாமல் போனால் மறுபடியும் முதல் பரிசோதனையிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

4. ஹெபடைட்டிஸ் பி: டெனோஃபோவிரை விடாதீர்கள்

இந்தியாவில் இப்போது பெரும்பாலானோர் எடுக்கும் ஏ.ஆர்.டி. டி.எல்.டி. என்ற ஒற்றை மாத்திரை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். இதில் முதல் இரண்டும் எச்.ஐ.வி.யையும் அடக்கும், பி வைரஸையும் அடக்கும். அதனால் பி-க்குத் தனி மாத்திரை தேவைப்படுவதில்லை. "எனக்கு பி-க்கு மருந்தே தரவில்லை" என்று வருத்தப்படுபவர்களிடம் அந்த மாத்திரை அட்டையைத்தான் காட்டுவேன்.

வசதி அதுதான், ஆபத்தும் அங்கேதான். அந்த ஒரு மாத்திரை நின்றால் இரண்டு சிகிச்சையும் ஒரே நாளில் நிற்கும். எச்.ஐ.வி. எழுந்துகொள்ளச் சில வாரங்கள், மாதங்கள் ஆகலாம், வெளியே தெரியாது. ஆனால் அடங்கியிருந்த பி சட்டென்று பொங்கினால் கல்லீரல் கடுமையாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வெளியூர் வேலை, திருவிழா, வீட்டில் சண்டை, எந்தக் காரணத்துக்காகவும் பி உள்ளவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஊர் மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே மையத்தில் சொல்லுங்கள், அங்கே வாங்க ஏற்பாடு செய்வார்கள்.

சரி, நீங்கள் நிறுத்தவில்லை. ஆனால் டாக்டர் மாற்றினால்? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கிரியாட்டினின் உயர்ந்து சிறுநீரகத்துக்காக டெனோஃபோவிரை எடுத்துவிட்டு அபகாவிர் போடுவது. எச்.ஐ.வி.க்கு அது சரியான மாற்றம். பி-க்கு அபகாவிர் எதுவும் செய்யாது. மிஞ்சுவது லாமிவுடின் ஒன்றுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பி-க்கு லாமிவுடினை மட்டும் நம்பினால் 4 வருடத்தில் சுமார் 90 சதவீதம் பேருக்கு பி வைரஸ் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து டெனோஃபோவிர் அளவைக் குறைப்பது, டெனோஃபோவிர் அலஃபெனமைடு என்ற வடிவத்துக்கு மாற்றுவது, அல்லது என்டெகாவிர் சேர்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. "எனக்கு பி-யும் இருக்கிறதே, அதற்கு எது காவல்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

இரண்டாவது, எச்.ஐ.வி. வைரல் லோடு ஏறி, இரண்டாம் கட்ட மருந்துக்கு மாறுவது. அப்போது டெனோஃபோவிருக்குப் பதில் ஜிடோவுடின் வரலாம். பி உள்ளவருக்கு புதிய மருந்துகளோடு டெனோஃபோவிரும் தொடர வேண்டும்.

மூன்றாவது, புதிய வகை மருந்துகள். டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் மட்டும் உள்ள இரண்டு மருந்து மாத்திரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர்–ரில்பிவிரின் ஊசி. வசதியானவைதான், ஆனால் பி உள்ளவருக்கு இவை மட்டும் போதாது.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கல்லீரல் டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. அவர் பி-க்கு மட்டும் என்று என்டெகாவிரோ டெனோஃபோவிரோ தனியாக எழுதித் தருவார். முழு ஏ.ஆர்.டி. இல்லாமல் அதைத் தனியாகச் சாப்பிட்டால் எச்.ஐ.வி. அந்த மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும். சொல்லத் தயக்கம் வருவது இயல்பு. அந்தக் கூட்டத்தில், அந்த வரிசையில் எப்படிச் சொல்வது என்று நானும் தவித்திருக்கிறேன். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஏ.ஆர்.டி. புத்தகத்தை மேசையில் திறந்து வையுங்கள். உங்கள் சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. எங்கே யாரிடம் முறையிடுவது என்று தெரியாவிட்டால் 1097-க்குக் கூப்பிடுங்கள், இலவச எண்.

முதல் படியில் பழைய மருந்து வரலாற்றை எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான். முன்பு பல வருடம் ஜிடோவுடின்–லாமிவுடின்–நெவிரபின் எடுத்தவரின் பி வைரஸ் அப்போதே லாமிவுடினை எதிர்க்கப் பழகியிருக்கலாம். அவருக்கு இன்றைய மாத்திரையில் உண்மையில் வேலை செய்வது டெனோஃபோவிர் ஒன்றுதான்.

ஏ.ஆர்.டி. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் மூன்று மாதம் எஸ்.ஜி.பி.டி. ஏறலாம். எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்து கல்லீரலில் உள்ள வைரஸோடு சண்டை போடுவதால் இது நடக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, விடாத வாந்தி, குழப்பமான பேச்சு இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

5. கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது

எச்.ஐ.வி. இருக்கும்போது பி-யும் சி-யும் கல்லீரலில் தழும்பை வேகமாக உண்டாக்கும். சி-க்கு எந்த மருந்து, எத்தனை வாரம் என்பது இந்தத் தழும்பைப் பொறுத்தது. அதனால் மருந்துக்கு முன்னால் இந்தப் படி.

பெரிய கருவி இல்லாமலே சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஒரு மதிப்பீடு கிடைக்கும். 'ஆப்ரி' என்பார்கள். உங்கள் எஸ்.ஜி.ஓ.டி.யை (எஸ்.ஜி.பி.டி. போன்ற இன்னொரு கல்லீரல் அளவு) அந்த லேபின் உச்ச இயல்பு அளவால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. 80, உச்ச அளவு 40, தட்டணு 1.6 லட்சம் என்றால்: 80-ஐ 40-ஆல் வகுக்க 2, அதை 100-ஆல் பெருக்க 200, 160-ஆல் வகுக்க 1.25. நம் ஊர் லேப் தாள்களில் தட்டணு லட்சத்தில் இருக்கும். 1.6 என்று அப்படியே போட்டு 125 என்று விடை வந்து கலங்கிப் போனவர்கள் உண்டு.

2-க்கு மேல் இருந்தால் கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். பி உள்ள பெரியவர்களுக்கு அந்த எல்லையை உலக சுகாதார நிறுவனம் 2024-ல் 1 ஆகக் குறைத்துவிட்டது. 0.5-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. நடுவில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. எச்.ஐ.வி.யே தட்டணுவைக் குறைக்கும். டெங்குக் காய்ச்சலில் தட்டணு இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், ஆப்ரி தாறுமாறாகப் போகும். காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்து எடுத்த தாளை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

6. ஹெபடைட்டிஸ் சி: 84 நாள், அதன் முன்னும் பின்னும்

சி-யை முற்றிலும் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி. இருந்தாலும் குணமாகும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே மிக அதிகம். இதை முதல் நாளிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் ஆயுள் முழுக்க இன்னொரு மாத்திரை என்று நினைத்துத்தான் ஓடுகிறார்கள்.

பொதுவாக ஏ.ஆர்.டி. முதலில். அது ஒத்துக்கொண்டு, சி.டி.4 நிலைப்பட்ட பிறகு சி மருந்து. இரண்டையும் ஒரே வாரம் தொடங்கினால் வாந்தியோ தடிப்போ வரும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஏற்கெனவே ஏ.ஆர்.டி. எடுத்து நன்றாக இருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. முடிவு கையில் இருந்தே ஆக வேண்டும். சி-யும் பி-யும் ஒன்றாக இருக்கும்போது சி பெரும்பாலும் பி-யை அமுக்கி வைத்திருக்கும். சி போனதும் பி பொங்கலாம். டெனோஃபோவிர் உள்ள ஏ.ஆர்.டி. ஓடிக்கொண்டிருந்தால் அதுவே காவல்.

கல்லீரல் சுருக்கம் இல்லாதவருக்கு தேசியத் திட்டத்தில் சோஃபோஸ்புவிர் 400, டக்ளடாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒருமுறை, 84 நாள். சுருக்கம் இருந்தால் சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர். வயிற்றில் நீர் கோத்தல் போன்ற முற்றிய நிலையில் ரிபாவிரினும் சேரும், அல்லது நாட்கள் கூடும்.

மருந்துகள் மோதும் இடத்தை நிதானமாகப் பாருங்கள், கோப்பில் உள்ள அட்டைகள் இதற்குத்தான். டோலுடெக்ராவிரோடு டக்ளடாஸ்விர் அளவு மாறாது. எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு டக்ளடாஸ்விர் 90 ஆக ஏறும், வெல்படாஸ்விர் கூடவே கூடாது. ரிட்டோனாவிர் சேர்த்த அடாசனாவிர் என்றால் டக்ளடாஸ்விர் 30 ஆக இறங்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சி மருந்தின் அளவை ரத்தத்தில் அடியோடு இறக்கிவிடும். அதனால் காசநோய் சிகிச்சை முடிந்த பிறகுதான் சி மருந்து. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிரால் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். வயிற்றெரிச்சல் மாத்திரைகள் வெல்படாஸ்விரை உடம்பு ஏற்காமல் செய்யும். ஒமெப்ரசோலைக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடுபவர்கள் அதை மருந்தென்றே நினைப்பதில்லை, அதனால் டாக்டரிடம் சொல்வதும் இல்லை.

மாத்திரை 28 கொண்ட புட்டிகளாக வரும், மூன்று புட்டி. இரண்டாம் புட்டி முடியும்போது உடம்பு தெம்பாகிவிடும், "போதும்" என்று தோன்றும். மூன்றாவதையும் முடியுங்கள்.

முடித்த அன்றே குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசி மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். அதில் வைரஸ் தெரியவில்லை என்றால்தான் குணம். மூன்றாவது புட்டியை வாங்கும் அன்றே அந்தத் தேதியைக் கணக்கிட்டு ஏ.ஆர்.டி. புத்தகத்தில் எழுதுங்கள்.

குணமான பிறகும் ஆன்டி-எச்.சி.வி. பாசிட்டிவ்வாகவே வரும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. சி-யிலிருந்து மீண்ட ஒருவர், இரண்டு வருடம் கழித்து ஹெர்னியா அறுவைக்குப் போன இடத்தில் 'சி பாசிட்டிவ்' என்று தாள் வாங்கி, மருந்து தோற்றுவிட்டது என்று உடைந்துபோய் என்னைக் கூப்பிட்டார். அந்த ஆர்.என்.ஏ. தாளை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குணமானது மறுபடி தொற்றாமல் இருக்கக் காவல் தராது. அதனால் ஊசி பகிர்வது போன்ற ஆபத்து தொடர்ந்தால், வருடம் ஒருமுறை ஆர்.என்.ஏ.தான் பார்க்க வேண்டும், ஆன்டிபாடி அல்ல.

7. கீழாநெல்லி, மது, மற்றவை

மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் முதலில் கை போவது கீழாநெல்லிக்கு. அதைக் கேலி செய்து பயனில்லை. 1988-ல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று, அதன் பொடியால் பி வைரஸ் சிலரிடம் மறைந்ததாகச் சொன்னது. பின்னர் மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான்: அதை நம்பி டெனோஃபோவிரை நிறுத்தாதீர்கள். பெயர் தெரியாத பொடி, லேகியங்கள் கல்லீரலையே கெடுப்பதுண்டு.

மதுவை முழுதாக விடுவது நல்லது. விட முடியாதவருக்கும் சி மருந்தை மறுக்க வேண்டியதில்லை, அவரையும் அழைத்து வாருங்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவர் பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. டோலுடெக்ராவிர் எடுப்பவர் வயிற்றுப் புண்ணுக்கான ஆன்டாசிட் மருந்தை அந்த மாத்திரைக்கு 6 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ எடுக்கட்டும்.

8. தடுப்பூசியும் வீட்டு ஆட்களும்

எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், எதிர்ப்பும் இல்லை என்றால் பி தடுப்பூசி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வழக்கமான அளவில் எதிர்ப்பு சரியாக வராமல் போகலாம் என்பதால், பல வழிகாட்டல்கள் இரட்டிப்பு அளவாக 40 மைக்ரோகிராமை 0, 1, 2, 6-ம் மாதங்களில் நான்கு ஊசிகளாகத் தரச் சொல்கின்றன. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பின் அளவு பார்க்க வேண்டும். 10-க்குக் கீழே இருந்தால் மறுபடி ஒரு சுற்று. இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

பி உள்ளவரின் துணை, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் பரிசோதித்து, நெகட்டிவ் என்றால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தட்டு, டம்ளர், கட்டிப்பிடிப்பது எதிலும் பரவாது. தட்டைத் தனியாக வைத்து மனதைப் புண்படுத்தாதீர்கள். சவரக் கத்தி, பல்துலக்கி, நகவெட்டி தனித்தனியாக இருக்கட்டும். உடலுறவில் ஆணுறை. கர்ப்பிணிக்கு பி இருந்தால் ஏ.ஆர்.டி. நிற்கக் கூடாது. குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், தாயின் நிலையைச் சொல்லி இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள ஆன்டிபாடி ஊசி) போட வேண்டும். பிரசவ வார்டுக்குப் போகும்போது அந்தக் கோப்பும் கூடப் போகட்டும், ஏனென்றால் அது மூன்றாவது கதவு.

9. அதன் பிறகு

கல்லீரல் சுருக்கம் இருந்தவர் சி குணமான பிறகும், பி அடங்கிய பிறகும், 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டும். கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை. கல்லீரல் புற்றுநோய் அறிகுறி காட்டும் முன் கண்ணில் படுவது இதில்தான். பி உள்ள சிலருக்குச் சுருக்கம் இல்லாமலே இந்தக் கண்காணிப்பு தேவைப்படும், டாக்டரிடம் கேளுங்கள். கிரியாட்டினினும் எஸ்.ஜி.பி.டி.யும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே பார்ப்பார்கள், அந்தத் தாளின் நகலை கல்லீரல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் விடுப்பு என்பது பெரிய விஷயம். அதனால் ஸ்கேன் தேதியை ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் தருவார்கள். அன்று காலை ஏழெட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் போக வேண்டும். முதலில் ஸ்கேன், அடுத்து ரத்தம், அப்புறம் இட்லி, கடைசியில் மாத்திரை வரிசை.